கேதத்துக்கு வராதவள்

சன்னல் பக்கமா நகந்து உக்காரு தாயி. இந்தத் தூக்குச்சட்டியை மடியில வச்சுக்கிட்டுத்தான் நான் உக்காரணும். கீழ வச்சேன்னா இந்த டிரைவர் போடுற பிரேக்குக்குக் குழம்பு பூரா உன் செருப்புலதான் இருக்கும். கருவாட்டுக் குழம்பு. வாடை அடிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்க.

எங்க இறங்கணும்? விளாத்திகுளமா. நான் அதுக்கு முந்தியே, ஒத்தப்பனை விலக்குல இறங்கிருவேன். உன் முகத்தைப் பாத்தா விசேஷ வீட்டுக்குப் போற மாதிரித் தெரியலயே. கேதமா? யாரு? கூடப் படிச்சவளோட வீட்டுக்காரரா. அட பாவமே, சின்ன வயசு. எப்போ?

என்னது, ரெண்டு மாசமா? ரெண்டு மாசம் கழிச்சா கேதம் கேக்கப் போறே?

கோவிச்சுக்காதே. நான் இப்பிடித்தான், மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிருவேன். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சு, அதான் வர முடியலேங்கிறே. நியாயந்தான். அம்மை போட்ட வீட்டுலருந்து சாவு வீட்டுக்குப் போகக் கூடாதுதான். உன்மேல தப்பே இல்ல. காரணம் இல்லாம யாரு வராம இருந்தா? ஆனா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவளுக்கு உன் வீட்டு அம்மையா தெரியும்? அவளுக்குத் தெரிஞ்சது வாசல் ஒண்ணுதான். அதுல யாரு வந்தா, யாரு வரலேங்கிறதுதான்.

நான் சும்மா பேசலே. இதுதான் என் வேலையே. நான் கவுன்சிலர். ஓட்டுப் போட்டுச் செயிக்கிற கவுன்சிலர் இல்ல தாயி, அதுக்கெல்லாம் நமக்கு ஆள் இல்ல. கோவில்பட்டியில ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, பேரு வேண்டாம். அங்க பிழைக்காம போனவுக வீட்டுக்கெல்லாம் நாங்க போவோம். போயி உக்காந்து பேசுவோம். துக்கத்துல இருக்கிறவுகளுக்குக் கவுன்சிலிங். எனக்கு முந்தி வெறும் எட்டாங்கிளாஸ் படிச்சவ யாரும் அதுல இல்ல. பத்து நாள் மதுரையில வச்சு டிரெயினிங் குடுத்தாக, டெய்சி மேடம்னு ஒருத்தவுக. சான்றிதழ் இருக்கு, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்.

அதுல எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. நேருக்கு நேரா உக்காரக் கூடாது, கொஞ்சம் சாய்வா நாற்காலியைப் போடணும். "அழாதே"ன்னு சொல்லக் கூடாது. "எல்லாம் விதி"ன்னு சொல்லக் கூடாது. அழுதா கைக்குட்டை நீட்டக் கூடாது, நீட்டினா அழுகையை நிறுத்துன்னு அர்த்தமாயிருமாம். பக்கத்துல வச்சிரணும், அவுகளே எடுத்துக்கிடட்டும். நம்ம வீட்டுக் கதையை அவுத்து விடக் கூடாது. நம்ம அழவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்துல என்னைய அடிச்சுக்க ஆள் கெடையாது. மத்தவளுக மூணாம் வீட்டுலயே மூக்கைச் சிந்திருவாளுக. நான் முப்பத்தெட்டு வீடு போயிருக்கேன், ஒரு சொட்டு விட்டதில்ல. டெய்சி மேடம் மீட்டிங்குல வச்சே சொன்னாக, "சண்முகக்கனியைப் பாத்துக் கத்துக்கோங்க"ன்னு.

ஒரு டெய்லர் வீட்டுக்குப் போயிருந்தேன், பொண்டாட்டியைப் பறிகொடுத்தவரு. ஒரு வார்த்தை பேசலே மனுசன். நானும் பேசலே. ஒரு மணி நேரம் ஆச்சு. எந்திரிச்சுப் போயி பெட்டியிலருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தாரு. அந்தம்மாவோடது, ஒரே ஒரு கொக்கி மட்டும் தைக்காம கெடந்திருக்கு. உக்காந்து தைச்சு முடிச்சாரு. நூலைப் பல்லால கடிச்சு அத்துட்டு, அப்புறம் அழுதாரு பாரு, தெருவே கூடிருச்சு. நான் அசையலே. எனக்குக் கண்ணீர் வராது தாயி. எங்க வீட்டுக்காரர் செத்ததுக்கே வரலே.

அதுக்குக் காரணம் ஒருத்தி. அவ வீட்டுக்குத்தான் இப்பப் போய்க்கிட்டிருக்கேன். பழி வாங்க.

சிரிக்கிறே பாரு. சிரிக்காதே. நிசமாத்தான் சொல்றேன்.

அவ பேரு வேலுத்தாய். நானும் அவளும் தீப்பெட்டி ஆபீசுல பத்தொம்பது வருசம் ஒரே பலகையில உக்காந்து குச்சி அடுக்குனவளுக. வீடும் பக்கத்து வீடு. நடுவுல ஒரே சுவர். துணி காயப்போடுற கொடியும் ஒண்ணுதான், அந்தத் தலைப்பு அவ வீட்டுல, இந்தத் தலைப்பு என் வீட்டுல. எனக்குப் பிள்ளை இல்ல. அவ மகள் கற்பகத்தைப் பாதி நாள் நான்தான் குளிப்பாட்டி விட்டிருக்கேன். அப்படிப்பட்டவ, எங்க வீட்டுக்காரர் செத்தப்ப வரலே. பக்கத்து வீடு தாயி! எங்கயோ விருதுநகர்லருந்து, தூத்துக்குடியிலருந்து, இதுவரைக்கும் நான் பாத்திராத சொந்தமெல்லாம் வந்து என் கழுத்தைக் கட்டி அழுதுட்டுப் போச்சு. இவ வரலே.

எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டையில கட்டி. ஏழு மாசம் இழுத்துக்கிட்டுக் கெடந்தாக. ஒரு வைகாசி மாசம் புதன்கிழமை காலையில போயிட்டாக. என்னைய நடுவீட்டுல உக்கார வச்சிருக்காக. வார பொம்பளையெல்லாம் வந்து கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்குறாளுக. எனக்கு வரலே. நான் என்ன நெனச்சேன்னா, வேலு வரட்டும், அவ வந்தா அழுவோம்னு நெனச்சேன். வாசல்ல நிழல் தட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். குளிப்பாட்டினாக. பாத்தேன். தூக்கினாக. பாத்தேன். தெருமுனை திரும்புறவரைக்கும் பாத்தேன். பாத்தது என் புருசன் போறதையா, அவ வாரதையான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது.

ஏன் வரலேங்கிறியா? அதுக்கு முந்தின நாள் அவ வீட்டுல பந்தக்கால் நட்டுட்டாகளாம். கற்பகத்துக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பந்தக்கால் நட்ட வீட்டுலருந்து சாவு வீட்டுப் படி ஏறக் கூடாதாம். எனக்குத் தெரியாதா அந்த முறை? நானும் இந்த மண்ணுல பெறந்தவதான? ஆனா நான் கேக்கேன், சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதாளாமே, அதுக்கு மட்டும் பந்தக்கால் விட்டுச்சா? ஆமா, அழுதாளாம். தண்ணி எடுக்க வந்தவ ஒருத்தி சொன்னா, "வேலு கொல்லையில சுவத்துல தலையைச் சாச்சுக்கிட்டு அப்படி அழுதா, வாயில சேலையை அடைச்சுக்கிட்டு"ன்னு. சுவத்துக்கு அங்கிட்டு அழுத அழுகை எனக்கு எந்தக் கணக்குல சேரும்? நீயே சொல்லு.

வெள்ளிக்கிழமை மேளச்சத்தம் கேட்டுச்சு. கல்யாணத்தை மண்டபத்துக்கு மாத்திட்டாக, இருந்தாலும் பொண்ணழைப்பு தெருவுக்குள்ள வந்துதான ஆகணும். எங்க வீட்டுப் பக்கம் வந்ததும் மேளத்தை நிப்பாட்டிட்டாக. என் வீட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குள்ள போனபொறகுதான் திரும்ப அடிச்சாக. யாரு நிப்பாட்டச் சொன்னாளோ தெரியாது. அந்த நடுவுல வந்த அமைதி இருக்கே, அது மேளத்தவிட எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன். ஏ வேலு, உன் வீட்டுலயும் ஒரு நாள் விழும். அன்னைக்கு நான் யாருன்னு காட்டுறேன்.

அதுக்கப்புறம் அவுக இந்த ஊரு வேண்டாம்னு அவ புருசனோட ஊருக்கே போயிட்டாக, ஒத்தப்பனைக்கு. கொடிக்கயித்தை அவ அவுக்கலே. நானும் அவுக்கலே. இப்ப அந்தத் தலைப்புல யாரோ குடியிருக்காக, எனக்குப் பேச்சுவார்த்தை கெடையாது.

மூணு வருசம். மூணு வருசம் நான் மனசுல போட்டு ஊறவச்சேன். ஒண்ணரை மாசத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில லிஸ்ட் வந்துச்சு, இந்த வாரம் யாரு யாரு வீட்டுக்குப் போகணும்னு. மூணாவது பேரு சீனிப்பாண்டி, ஒத்தப்பனை. மனைவி வேலுத்தாய். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நெனக்கிறே? சீனியண்ணன் பாவம், நல்ல மனுசன், என்னைய தங்கச்சிம்பாரு. அது வேற. ஆனா அந்தப் பேரைப் பாத்ததும் என் கை அப்படியே சூடாயிருச்சு. வந்துச்சா உன் வீட்டுக்கும்னு நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோசமாத்தான் இருந்துச்சு.

தெரிஞ்சவுக வீட்டுக்குப் போகக் கூடாதுங்கிறது அங்க சட்டம். ஃபாரத்துல முதல் கேள்வியே அதுதான்: "முன்பே அறிமுகம் உண்டா?" நான் இல்லேன்னு எழுதினேன். மூணு வருசமாப் பேசாதவ எப்படி அறிமுகமாவா? டெய்சி மேடத்துக்குத் தெரிஞ்சா என் பேரை அடிச்சிருவாக. அடிக்கட்டும். பழி முக்கியம்.

நான் என்ன திட்டம் போட்டேன்னு கேளு. மூணு விஷயம். ஒண்ணு, அவ கழுத்தைக் கட்ட மாட்டேன். ரெண்டு, ஒரு முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்டப் பேசுற மாதிரி "நீங்க, வாங்க, போங்க"ன்னு பேசி, ஃபாரத்துல இருக்கிற அத்தனை கேள்வியும் வரிசையாக் கேப்பேன். மூணாவதுதான் பெருசு. கெளம்பும்போது வாசல்ல நின்னு, ஊருக்கே கேக்கிற மாதிரி "போயிட்டு வாரேன்"னு சொல்லணும். உங்க வீட்டுப் பக்கமும் அந்த வழக்கம் இருக்குமே? சாவு வீட்டுலருந்து கெளம்புறப்ப யாரும் வாரேன்னு சொல்ல மாட்டாக. திரும்ப வாரேன்னா இன்னொரு சாவு விழட்டும்னு கூப்பிடுற மாதிரி. சத்தமில்லாம எந்திரிச்சுப் போயிரணும். அந்த வார்த்தையை நான் மூணு வருசமா வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். இதே பஸ்ஸுல, அன்னைக்குப் போறப்ப, மெதுவா மூணு தடவை சொல்லிப் பாத்தேன். பக்கத்துல உக்காந்திருந்தவரு எந்திரிச்சு வழி விட்டாரு, நான் இறங்கப் போறேன்னு நெனச்சு.

போனேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நாலு நாள் ஆகியிருந்துச்சு. வீடே வெறிச்சுன்னு கெடக்கு. கற்பகம் மாசமா இருக்காளாம், திருப்பூர்லருந்து வந்தவளை உடனே கூட்டிட்டுப் போயிட்டாக. இவ தனியா, சுவத்துல சாஞ்சு, பழைய சேலையில உக்காந்திருக்கா. தலையெல்லாம் சிக்கு. என்னையப் பாத்தா. பாத்துட்டு எந்திரிச்சா. ரெண்டு கையையும் விரிச்சா.

நான் நாற்காலியை இழுத்துச் சாய்வாப் போட்டு உக்காந்தேன். பையிலருந்து ஃபைலை எடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டேன். அவ கை அந்தரத்துலயே நிக்குது. நான் பேனா மூடியைக் கழட்டினேன். கை மெள்ள மெள்ள இறங்குச்சு. அதைப் பாத்தேன் நான். கண்ணாரப் பாத்தேன். இதுக்குத்தானடி மூணு வருசம் காத்திருந்தேன்னு நெனச்சேன்.

"உங்க பேரு?"ன்னேன்.

அவ என்னையப் பாத்தா. கத்துவான்னு நெனச்சேன், எந்திரிச்சு வெளிய போடின்னு சொல்லுவான்னு நெனச்சேன். அப்படியே கீழ உக்காந்து, ரேசன் கடையில சொல்ற மாதிரி, "வேலுத்தாய்"னா.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"வீட்டுக்காரர்."

"அவர் கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாரு?"

"மோட்டாரை நிப்பாட்டு, தொட்டி நிரம்பிருச்சுன்னு சொன்னாக. நிப்பாட்டிட்டு வாரதுக்குள்ள பேச்சு இல்ல."

எழுதிக்கிட்டேன். தூக்கம் வருதான்னு கேட்டேன், இல்லேன்னா. சாப்பிடுறீங்களான்னு கேட்டேன், பக்கத்து வீட்டுலருந்து கொண்டாந்து வைக்காகன்னா. சாப்பிடுறேன்னு சொல்லலே, வைக்காகன்னுதான் சொன்னா. அதையும் எழுதிக்கிட்டேன். பதினோராவது கேள்வி ஒண்ணு இருக்கு. "இந்தச் சமயத்தில் யார் மீதாவது கோபம் இருக்கிறதா?" டாக்டர் மேல, கடவுள் மேலன்னுதான் எல்லாரும் சொல்லுவாக. கேட்டேன்.

"இருக்கு"ன்னா.

"யாரு மேல?"

"கதவைத் தெறக்காதவ மேல."

பேனா அப்படியே நின்னுருச்சு.

என்ன தாயி அப்படிப் பாக்கே? ஆமா, வந்தா. வரவே இல்லேன்னா சொன்னேன்? கேதத்துக்கு வரலேன்னுதான சொன்னேன். வந்தது நாப்பத்தி மூணாம் நாள்! நாப்பத்தி மூணாம் நாள் வந்தா அதுக்குப் பேரு கேதமா? புதுப்பொண்ணு இருக்கிற வீடு, சாவு விழுந்து ஒரு மண்டலம் ஆகட்டும், அதுவரைக்கும் துக்க வீட்டுப் படி மிதிக்கக் கூடாதுன்னு கற்பகத்தோட மாமியாக்காரி சொல்லியிருந்தாளாம். மண்டலம்னா நாப்பத்தெட்டு நாள். இன்னும் அஞ்சு நாள் பொறுக்க முடியலயாம் இவளுக்கு. பட்டப்பகல்ல, தெருவே பாக்க, தூக்குச்சட்டியில சோத்தைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கா. சன்னல் வழியாப் பாத்தேன். பாத்துட்டுக் கதவைத் தாழ் போட்டேன். போட மாட்டேனா பின்ன? தட்டுனா. நான் தெறக்கலே. சட்டியைப் படியில வச்சுட்டுப் போயிட்டா. அந்தச் சோத்தைத் தெருநாய்க்குத்தான் கொட்டினேன். சட்டியைப் பரண்ல தூக்கிப் போட்டேன்.

எங்க விட்டேன்? பதினோராவது கேள்வி. "கதவைத் தெறக்காதவ மேல"ன்னாளா, நான் ஃபாரத்துல "உறவினர்"னு எழுதினேன். என்ன எழுதச் சொல்றே வேற? பேரையா எழுத முடியும்? பன்னெண்டாவது கேள்வி, "அந்த நபரிடம் என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" அதையும் கேட்டேன். முறைன்னா முறைதான். அவ ரொம்ப நேரம் பேசலே. நானும் பேசலே, பேசாம இருக்கிறதுல நான் சான்றிதழ் வாங்கினவ. அப்புறம் சொன்னா, "அன்னைக்கு நானும் சாப்பிடாமத்தான் வந்தேன். அவகூடச் சேந்து சாப்பிடலாம்னு."

அதை எழுதலே. ஃபாரத்துல எடம் இல்ல.

ஃபைலை மூடினேன். எந்திரிச்சேன். முற்றத்தைத் தாண்டி, வாசப்படி இறங்கி, தெருவுல நின்னேன். எதுத்த வீட்டுல ஒருத்தி சொளகுல அரிசி பொடைச்சுக்கிட்டிருந்தா. நல்லதாப் போச்சு, சாட்சி வேணுமேன்னு நெனச்சேன். திரும்பி நின்னு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தெரியிற மாதிரிச் சொன்னேன், "வேலு, போயிட்டு வாரேன்."

எதுத்த வீட்டுக்காரி சொளகை அப்படியே கீழ வச்சுட்டா. "ஏ தாயி, என்ன வார்த்தை சொல்லிட்டே"ன்னு நெஞ்சுல கை வச்சா. நான் நகராம நின்னேன். அவ மொகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்ல.

வேலு உள்ளயிருந்து நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தா. "வா"ன்னா. நான் முழிச்சேன். "எப்ப வருவே?"ன்னா.

பாத்தியா அவ சூழ்ச்சியை? நான் மூணு வருசம் தீட்டி வச்ச அருவாளை வெறுங்கையால வாங்கி, திண்டுக்குக் கீழ வச்சுக்கிட்ட மாதிரி. "புதன்கிழமை"ன்னுட்டேன். அடுத்த சிட்டிங் புதன்கிழமைதான், வேற என்ன சொல்ல?

சரி, விட்டுருவேனா? அடுத்த புதன்கிழமை போனேன். அதுக்கடுத்த புதனும் போனேன். ஒரு வீட்டுக்கு நாலு தடவைதான் போகலாம்னு சட்டம். நாலு முடிஞ்சு ஃபைலை ஒப்படைச்சாச்சு. இன்னைக்கு ஏழாவது. இந்த மூணு தடவையும் ஆஸ்பத்திரிக்குத் தெரியாது, நானாப் போறேன். ஏன்னா பழி இன்னும் தீரலே. ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு "போயிட்டு வாரேன்"னு சொல்லிட்டுத்தான் கெளம்புறேன். ஒரு தடவை விட்டதில்ல. அவளும் "வா"ங்கிறதை விடலே. எதுத்த வீட்டுக்காரிதான் பாவம், நான் எந்திரிச்சாலே காதைப் பொத்திக்கிட்டு உள்ள போயிர்றா.

மூணாவது தடவை போனப்ப நல்லாப் பழி வாங்கினேன். அவ தலையைப் பத்திச் சொன்னேனே, அப்பிடி ஒரு சிக்கு. மாசக்கணக்கா சீப்பே படாத மாதிரி. உக்காருடின்னு உக்கார வச்சேன். எண்ணெயைக் காய்ச்சி ஊத்தி, பெரிய பல் சீப்பா எடுத்து, வலிக்கட்டும்னே இழுத்து இழுத்துச் சீவினேன். ஆங்கிறா, ஊங்கிறா. நல்லா வேணும்னு நெனச்சுக்கிட்டேன். ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு, ஒத்தச் சிக்கு விடலே. பின்னி முடிக்கிறப்ப திடீர்னு திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. எனக்கு ரெண்டு கையும் எண்ணெய். எண்ணெய்க் கையோட ஒருத்தி சேலையைத் தொடவா முடியும்? தொடலே. கையை அப்படியே மேல தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன், எம்புட்டு நேரம்னு தெரியாது. என் தோள்பட்டை ஜாக்கெட் பூரா நனைஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து அலசிக் காயப்போட்டேன். ரெண்டு தோளும் நனைஞ்சிருந்துச்சு. அவ சாஞ்சது ஒத்தத் தோளுலதான். இன்னொரு தோள் எப்படி நனைஞ்சுச்சோ.

அப்புறம் சாப்பாட்டுலயும் விடலே. பக்கத்து வீட்டுல வைக்கிறதைக் கொறிச்சுட்டு எலும்பா இருந்தா. எதிரின்னா எதிரி ஒரு தெம்பா இருக்கணும் தாயி. சவத்துக்கிட்டப் போயா சண்டை போட முடியும்? அதான் நானே காரமா ஒரு குழம்பு வச்சுக் கொண்டுபோய், முன்னால உக்காந்துக்கிட்டு, "தின்னு. சட்டி காலியாகாம நான் எந்திரிக்க மாட்டேன்"னு மிரட்டுறேன். முழுங்குறா. "உப்பு தூக்கலா இருக்கு கனி"ங்கிறா. யாரு சொல்றா பாரு! இவ வைக்கிற சமையல்ல என்னைக்கு உப்பு இருந்துச்சு? அன்னைக்குப் படியில வச்சுட்டுப் போனாளே புளிச்சோறு, அதுல கூட உப்பே இல்ல.

என்ன? நாய்க்குத்தான் கொட்டினேன். நாய் சொல்லுமா உப்பு இல்லேன்னு? நீ ரொம்பத் துருவாதே.

இந்தச் சட்டி அவளோடதுதான். மூடியில பாரு, "சீ. வே."ன்னு பேரு வெட்டியிருக்கு. பரண்லருந்து எடுத்துப் புளி போட்டு விளக்கினேன். திருப்பிக் குடுத்துட்டா எனக்கும் அவளுக்கும் ஒண்ணும் இல்லேன்னு ஆயிரும்ல, அதுக்குத்தான். ஆனா வெறுஞ்சட்டியாக் குடுக்கக் கூடாது பாரு, அதனால குழம்பு. அவளும் சளைச்சவ இல்ல, அவளும் வெறுஞ்சட்டியா வச்சுக்க மாட்டேங்கிறா. வேகவச்ச கடலையைப் போட்டு என் கையிலயே குடுத்து விட்டுர்றா. கை மாறி மாறிப் போய்க்கிட்டே இருக்கு. இந்த வாரமாவது அங்க விட்டுட்டு வந்துரணும்.

இன்னைக்கு ஒண்ணு கேக்கப் போறேன் தாயி. ஆறு தடவை போயும் கேக்க முடியாததை. ஏன் வரலேன்னு இல்ல. அது பந்தக்கால், மண்டலம், எனக்குத் தெரியும், நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். "ஏன் போனே?"ன்னு கேக்கப் போறேன்.

உனக்குப் புரியலயா? அன்னைக்கு நாப்பத்தி மூணாம் நாள், நான் தாழ் போட்டுட்டு உள்ள எங்கயும் போகலே. கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். நெத்தியைக் கதவுல வச்சுக்கிட்டு. அவ வளையல் சத்தம் கேக்குது. மூச்சு கூடக் கேக்குது. ஒரு தடவை தட்டுனா. "கனி"ன்னா. ரெண்டாந்தடவை தட்டுனா. மூணாந்தடவை தட்டுனா. என் கை தாழ்ப்பாள் மேலதான் இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை தட்டட்டும், தெறந்துருவோம்னு நின்னேன். சட்டியை வைக்கிற சத்தம் கேட்டுச்சு. செருப்புச் சத்தம் கேட்டுச்சு. மூணே தடவைதான் தட்டுனா தாயி. பத்தொம்பது வருசம் ஒரே பலகையில உக்காந்தவ, நாலாந்தடவை தட்ட மாட்டாளா?

அண்ணே, ஒத்தப்பனை விலக்கு ஒண்ணு! பாத்து நிப்பாட்டுங்க, கையில குழம்பு இருக்கு.

இந்தச் சட்டியைக் கொஞ்சம் பிடி, இறங்கினதும் சன்னல் வழியாக் குடு. ஆங், அப்படித்தான். நீ போ தாயி. ரெண்டு மாசம் ஆனா என்ன, போ. உன் கூட்டாளி கதவைப் பூட்டிக்கிட்டு இருந்தா, தட்டு. தெறக்கலேன்னா திரும்பத் தட்டு. மூணு தடவை தட்டிட்டு வந்துராதே. அவ கதவுக்குப் பின்னாலதான் நிப்பா.